மாணவர் கையில் மின்திரட்டேடு

சென்ற தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது அம்மாவின் அலமாரியில் ஒரு பச்சைக் கோப்பு கிடைத்தது. அட்டையில் என் பெயர், 'ஆண்டு 1, 2011' என்று ஆசிரியரின் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. உள்ளே பயிற்றித்தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் 'பேண்ட் 3', 'பேண்ட் 4' என்ற குறிப்பு. ஆவலோடு புரட்டினேன். ஆனால், அவற்றுள் ஒரு தாளைக்கூட நான் ஏன், எப்போது செய்தேன் என்று நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கோப்பு என்னுடையதுதான், அதில் நான் இல்லை.

நாங்கள் 2011-இல் முதலாம் ஆண்டில் காலடி வைத்தவர்கள். தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டத்தையும் பள்ளிசார் மதிப்பீட்டையும் முதன்முதலில் எதிர்கொண்ட அணி எங்களுடையது. மாணவர் ஒவ்வொருவரின் அடைவுக்கும் சான்று வேண்டும் என்பதால், ஆசிரியர்கள் தாள்களைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் இம்முறை எளிமையாக்கப்பட்டு, சான்றுக் கோப்புகளின் சுமை குறைக்கப்பட்டது. ஆசிரியர்களைக் குறை கூற இதனை எழுதவில்லை. இன்று அதே கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு 'மின்திரட்டேடு' என்று பெயர் சூட்டினால் பழைய சுமைதான் புதிய வடிவில் வரும் என்பதைச் சொல்லவே இக்கதை.

திரட்டேடு என்றால் என்ன?

தமிழ்ப்பள்ளியில் படித்த நம் எல்லாருக்கும் திரட்டேடு தெரியும். நாளிதழிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி, வண்ணத்தாளில் அட்டை போட்டு, கடைசி நாளிரவில் அக்காவின் உதவியோடு முடித்து அனுப்புவோம்! ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் வைத்திருக்கும் திரட்டேடு வேறு வகை. தாம் செய்த பணிகளுள் சிறந்தவற்றைத் தாமே தேர்ந்தெடுத்து, பிறருக்கு விளக்கிக் காட்டுவார்கள். வகுப்பறைக்கு வந்த கருத்து இதுவே.

இதில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது சேர்த்தல், இரண்டாவது தேர்ந்தெடுத்தல், மூன்றாவது, 'இதை ஏன் தேர்ந்தெடுத்தேன்? இதில் என்ன கற்றேன்?' என்று சிந்தித்துச் சொல்லுதல். என் பச்சைக் கோப்பில் முதல் படி மட்டுமே இருந்தது. அதையும் ஆசிரியரே செய்தார். மற்ற இரண்டும் மாணவர் மட்டுமே செய்யக்கூடியவை.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 1990-களின் தொடக்கத்தில் 4-ஆம், 8-ஆம் வகுப்பு மாணவர்களின் எழுத்துத் திறனையும் கணிதத்தையும் திரட்டேட்டின்வழி மதிப்பிட முனைந்தது. ராண்ட் நிறுவனத்தினர் அதனை ஆராய்ந்தபோது, ஒரே திரட்டேட்டுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் வழங்கிய புள்ளிகள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை என்று கண்டனர். அதே வேளையில், ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையில் நல்ல மாற்றங்கள் ஏற்பட்டதையும் குறிப்பிட்டனர். இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளிது. மாணவரை மாணவரோடு ஒப்பிட்டுப் புள்ளியிடத் திரட்டேடு நல்ல கருவியன்று. ஒரு மாணவரை அவருடைய நேற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

தாளில் அடங்காத ஒன்று

'தாளிலேயே செய்யலாமே, மின்னியல் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியவன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன்.

பயிற்றுப்பணிக்காக நான் சென்றது தோட்டப்புறத்திலிருந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. வகுப்பில் 17 மாணவர்கள். கைவசம் இருந்தவை என் மடிக்கணினியும் பள்ளியின் இரண்டு பலகைக் கணினிகளும்தான். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் கணக்கு உண்டு. அக்கணக்கின்வழி கூகள் ஸ்லைட்ஸில் ஆளுக்கொரு படைப்பைத் திறந்து, ஒரு பணிக்கு ஒரு பக்கம் என ஒதுக்கினேன். கட்டுரையைக் கையால் எழுதிப் படமெடுத்து ஒட்டலாம். வாசிப்பைக் குரலாகப் பதிவு செய்யலாம். கீழே மூன்று தொடர்களை நிறைவு செய்ய வேண்டும்: 'இதைத் தேர்ந்தெடுத்த காரணம்…', 'எனக்குக் கடினமாக இருந்தது…', 'அடுத்த முறை நான்…'.

முதல் வாரம் ஏமாற்றமே. எல்லாரும் மூன்று நட்சத்திரம் வாங்கிய பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டால், 'அழகாக இருக்கிறது' என்று 17 பேரும் ஒரே பதிலை எழுதினார்கள். தவறு என்னுடையதே. சிந்தித்துச் சொல்வதும் கற்பிக்கப்பட வேண்டிய திறன் என்பதை மறந்துவிட்டேன். மறுவாரம் என் சொந்தக் கட்டுரை ஒன்றைத் திரையில் காட்டி, எங்கே தடுமாறினேன், எதை மாற்றினேன் என்று அவர்கள் முன்னிலையிலேயே பேசிக் காட்டினேன். அதன் பிறகுதான் 'எனக்கு முடிவு எழுத வரவில்லை', 'ஒற்றுப்பிழை நிறைய' போன்ற உண்மையான தொடர்கள் வரத் தொடங்கின.

அந்த மாணவன் வாசிப்பில் பின்தங்கியவன். 'வாழைப்பழம்' அவன் நாவில் 'வாளைப்பளம்' ஆகும். நான் எத்தனை முறை திருத்தினாலும், தான் சரியாகத்தான் சொல்வதாகவே நினைத்தான். இரண்டாம் வாரத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் செய்து பதிவு செய்தேன். எட்டாம் வாரத்தில் அதே பத்தியை மீண்டும் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொன்னேன். காதில் செவிப்பொறியை வைத்துக் கேட்டவன் முகத்தில் வியப்பு.

"டீச்சர், இது நானா? 'பளம் பளம்'னு சொல்லியிருக்கேன்!"

பழைய பதிவு அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எண்ணி, அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர், ரெண்டும் இருக்கட்டும். அது இல்லேன்னா இது நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

மின்திரட்டேட்டைப் பற்றி நான் படித்த விளக்கங்களுள் இதைவிடத் தெளிவானது எதுவும் இல்லை. ழகர, ளகர, லகர வேறுபாட்டைத் தாளில் சேமிக்க இயலாது. ஒலியைச் சேமிக்கும் திரட்டேடு, மொழி வகுப்புக்கு, அதிலும் குறிப்பாகத் தமிழ் வகுப்புக்கு, பெரும் துணை என்பதில் ஐயமில்லை.

இடர்களும் உள்ளன

எல்லாம் இனிதே நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். பாதி மாணவர்கள் மறைச்சொல்லை மறந்துவிட்டு வந்தார்கள். மழை பெய்தால் இணையம் தடைபடும். 17 பேரின் குரலையும் ஒரே நாளில் பதிவு செய்ய முயன்று, ஒரு மணி நேரப் பாடத்தை முழுதாக இழந்தேன். பிறகு நாளுக்கு மூவர் என்று பிரித்து, வாசிப்பு மூலையில் பதிவு செய்தபோதுதான் மூச்சு விட முடிந்தது. தமிழில் தட்டச்சு செய்வதும் சிறுவர்களுக்கு மெதுவாகவே வரும். நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் தந்த வசதிகள் இருந்தும், பத்து வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்தே விரைவு. ஆகவே, தட்டச்சைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பையும் மறக்கலாகாது. மாணவரின் முகமும் முழுப்பெயரும் உள்ள பக்கத்தை யாரும் திறக்கக்கூடிய இணைப்பாகப் புலனக் குழுவில் பகிர்வது சரியன்று. பெற்றோரின் ஒப்புதல் பெற்று, பள்ளிக் கணக்குக்குள் வைத்திருப்பதே முறை.

எனக்கு ஏன் இது முக்கியம்?

நான் தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். 2017-இல் படிவம் 1. குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். எங்கள் பள்ளியில் 19 பேர் இருந்தோம். பள்ளி முடிந்த பிறகு, வெயிலில் களைத்துப்போய் அவ்வகுப்புக்குச் செல்வோம். எங்களைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்தது யு.பி.எஸ்.ஆர். தேர்வில் பெற்ற எழுத்து மட்டுமே. யாருக்கு என்ன வரும் என்று தெரியாததால், பாடத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் அமர்ந்த தோழி ஆறாம் ஆண்டில் எழுதிய தன்கதைகளை வகுப்பே விரும்பிக் கேட்கும். அந்தப் புத்தகங்களெல்லாம் பழைய தாள் வாங்குபவரிடம் போய்விட்டன. அவள் கதை எழுதுவாள் என்பது புதிய பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. படிவம் 3-இல் தமிழை விட்டுவிட்டாள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எழுத எஞ்சியவர்கள் ஏழு பேர். திரட்டேடு இருந்திருந்தால் அவள் நிச்சயம் தொடர்ந்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், "இந்தக் கதையை எழுதியது நீயா?" என்று ஓர் ஆசிரியர் கேட்டிருப்பார். அந்தக் கேள்வி அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்த ஒற்றை எழுத்தும் போயிற்று. வகுப்பறைசார் மதிப்பீட்டின் அடைவுநிலை 1 முதல் 6 வரையிலான எண்கள் ஓரளவு சொல்லும். ஒரு கட்டுரையும் ஒரு நிமிடக் குரல் பதிவும் அதைவிட அதிகம் சொல்லும். ஆகவேதான், திரட்டேடு மாணவரின் உடைமையாக இருக்க வேண்டும், அவரோடு அடுத்த பள்ளிக்குப் பயணப்பட வேண்டும் என்கிறேன்.

எப்படித் தொடங்கலாம்?

மாதம் ஒரு பணி போதும். ஆண்டு முடிவில் பத்துப் பக்கம் இருந்தாலே நிறைவு. அவற்றுள் ஒன்றாவது, முதலில் தவறாகச் செய்து பின்னர் திருத்திய பணியாக இருக்கட்டும். ஆசிரியர் புள்ளியிடாமல், ஒரு வரி மறுமொழி மட்டும் எழுதட்டும். தவணை இறுதியில் பெற்றோர் வரும் நாளில், மாணவரே தம் பக்கங்களைத் திறந்து விளக்கட்டும். தளங்கள் வரும், போகும்: ஃபுரோக் வி.எல்.இ. 2019-இல் முடிவுக்கு வந்தது; 2020-இல் டெலிமா வந்தது. எனவே, ஆறாம் ஆண்டு முடியும்போது எல்லாவற்றையும் பி.டி.எஃப். கோப்பாகவும் ஒலிக்கோப்பாகவும் மாற்றி, விரலியில் இட்டுப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுவது நலம்.

நம் கழகத் தோழர்களுள் பலர் பயிற்றுப்பணிக்குச் செல்லவிருக்கிறீர்கள். சிலர் வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறீர்கள். வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் தம்பி தங்கையரும் இருப்பார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளுள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் படமெடுத்து, அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அந்தப் புத்தகம் பழைய தாள் வாங்குபவரிடம் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.