ஆத்துத் தண்ணியில் பொங்காத நுரை!

தஞ்சாவூர்,
வீட்டுத் தொட்டியில் தங்கமீன் வளர்ப்பவருக்குப் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ தண்டச் செலவு. நுரையோடு அழுக்கை எடுக்கும் கருவி அது. காவிரித் தண்ணீரில் குமிழி பெரிதாகி உடைந்துவிடும், நுரை நிற்காது.

கடல் மீன் தொட்டி என்றால் சங்கதியே வேறு! உப்புத் தண்ணீரில் குமிழி பொடிப்பொடியாக எழும். கரைந்த மீன் கழிவு அதில் ஒட்டிக்கொண்டு, உலையில் கஞ்சி பொங்குவதுபோல மேலே ஏறி, கிண்ணத்தில் காபி நிறத்தில் தேங்கும். எடுக்காமல் விட்டால் அழுகி அமோனியா ஆகும். அப்புறம் மீன் மிதக்கும்!

எதை வாங்குவது?

பெட்டியில் ‘400 லிட்டர்’ என்று போட்டிருக்கும். அது மீன் குறைவான தொட்டிக்கு உள்ள கணக்கு. மீன் நெருக்கம் என்றால் 200 லிட்டர் தொட்டிக்கே அதுதான் தாங்கும். அதற்காக ரொம்பப் பெரிசும் ஆகாது. அழுக்கு போதாமல் நுரை ஏறாது. கரண்டு போய்த் திரும்பினால் சில நேரம் கிண்ணம் வழியும். தரையெல்லாம் உப்பு!

பவளம் வைத்தால் சிறை

‘உயிர்ப் பவளம் தர்றேன் சார்’ என்று காதோடு சொல்பவரிடம் உஷார்! கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக இருக்கின்றன. 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை உள்ளே போக வேண்டியதுதான்.

அழகுக்குக் கோமாளி மீன் போதாதா? மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் குஞ்சு பொரிக்கவே வைத்துவிட்டார்கள்.