மரம் நட்டால் காடாகுமா?

மோர்னிங்சைட்டில் குடியிருக்கும் நமக்கு வடக்கே சுமார் 400 கிலோமீற்றரில் சட்பரி இருக்கிறது. நிக்கலும் செம்பும் எடுக்கும் நகரம். 1880களில் அகழ்வு தொடங்கியபோது, கந்தகம் கலந்த தாதுவைத் திறந்த வெளியில் விறகடுக்கி எரித்தார்கள். விறகுக்காகக் காடு போயிற்று. கந்தகவீரொட்சைட்டுப் புகையில் எஞ்சியதும் பட்டது. மண் அமிலமாகி அரிபட்டு, கறுத்த பாறை மிஞ்சிற்று.

1972இல் 381 மீற்றர் உயரத்தில் புகைபோக்கி எழுப்பினார்கள். பக்கத்துக் காற்று தெளிந்தது. ஆனால் புகை தொலைவுக்குப் போனது. பின்னர் வெளியேறும் புகையின் அளவையே குறைக்க வேண்டியிருந்தது. 1978இல் நிலத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. பரிசோதனைப் பாத்திகள் காட்டிய வழி எளியது: சுண்ணாம்புக்கல் தூளைத் தூவினால் அமிலம் தணியும், நஞ்சான உலோகங்கள் வேருக்கு எட்டாமல் கட்டுப்படும். புல் முளைத்தது, பூர்ச்ச மரங்கள் தாமாக வந்தன. இதுவரை ஒரு கோடிக்கு மேல் மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள்.

ஆனால் மரங்களை எண்ணுவது ஒன்று, உயிரினங்களை எண்ணுவது வேறு. பைன் வளர்ந்த இடங்களிலும் காட்டின் அடித்தளச் செடிகள் பல திரும்பவில்லை. விதை வந்துசேர வழியில்லை. ஆகவே நெடுஞ்சாலைக்காக அழியவிருந்த காடுகளின் தரையைப் பாய்போலப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தார்கள். அருகே சேதமுறாத காடு இருந்ததால்தான் எது குறைகிறது என்று ஒப்பிட முடிந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரால் நின்றது. சட்பரியில் மருந்தாகத் தூவிய சுண்ணாம்புக்கல், அங்கே தோண்டி எடுக்கப்பட்ட பொருள். குடாநாட்டில் அது வெறுங்கல் அல்ல. கிணற்று நீரின் பாத்திரம். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கல்லை ஆழமாக வெட்டினால், மண்ணின் வடிகட்டலும் போய், உவர் ஏறும் வழியும் திறக்கக்கூடும். காட்டை மீட்கலாம், அகழ்ந்த கல்லை எவரும் திரும்ப வைக்க முடியாது.

ஆகவே தொழிற்சாலையைத் திறப்பதா என்ற பேச்சு எழும்போது, வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் வாதிடுவது போதாது. முதலில் அளக்க வேண்டும்: சுற்றுக்கிணறுகளின் உவர்த்தன்மையை மாரியிலும் கோடையிலும்; குழிகளில் தங்கிய நீரையும் அங்கு வரும் பறவைகளையும்; தோண்டாத அயல் நிலத்தின் செடிகொடிகளையும். இந்தக் கணக்கு இல்லாமல் பின்னர் எவ்வளவு மரம் நட்டாலும், இழந்தது என்னவென்று நமக்கே தெரியாது.