சிவப்புக் கார்டும் டிரங்குப் பெட்டியும்

சுங்கை பூலோ என்ற பெயரைக் கேட்டவுடன், ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமே நினைவுக்கு வரும். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கழகம் புதிய ரக மரங்களை நட்டுச் சோதித்த நிலம் அது. அதன் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்னும் நகரமாகி வருகிறது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே ரயில் நிலையமும் திறக்கப்பெற்றது. தோட்டம் நகரமாகும்பொழுது மரம் வீழ்கிறது, லயம் இடிகிறது, கோயில் இடம் மாறுகிறது. இவை நம் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாமலே போவது தோட்ட ஆபீஸின் செக்ரோல் புத்தகம்.

செக்ரோல் வெறும் சம்பளக் கணக்கு அன்று. இன்னார் இன்ன ஆண்டு முதல் இங்கே பால் வெட்டினார் என்பதற்கு அதுவே சாட்சி. "நீ எந்நாட்டவன், எப்பொழுது வந்தாய்?" என்று அரசாங்க இலாகா ஒன்று வினவுமாயின், பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது கிராணியாரின் அந்தப் புத்தகமே. தோட்டம் கைமாறிய பின்னர் அதனைத் தேடிச் செல்ல இடமில்லை. ஆதலின், நாட்டை விட்டுச் செல்ல நேரிடலாம் என்ற நிலையில் இருப்போரும், அந்நிலை தமக்கு வரலாகாது என்று விரும்புவோரும் வீட்டில் சேர்த்து வைக்கவேண்டிய பத்திரங்கள் யாவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இந்த விஷயம் நமக்குப் புதியதன்று. 1968ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. குடியுரிமை பெறாதவர் பெர்மிட் இன்றி வேலை செய்யலாகாது என்பது அதன் சாரம். 1969 மே மாதக் கலவரத்திற்குப் பின் அது தோட்டங்களில் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதுவரையில் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவருக்கும் நீலக் கார்டு வைத்திருந்தவருக்கும் பெரட்டுக் களத்தில் வேற்றுமை எதுவும் இருந்ததில்லை. ஒரே நிரை, ஒரே வாளி, ஒரே சம்பளம். அடையாளக் கார்டே 1948ஆம் ஆண்டில் அவசரகாலத்தின்போது பாதுகாப்பை முன்னிட்டு வந்ததாகும். அதன் நிறம் ஒரு நாள் வயிற்றுப்பாட்டைத் தீர்மானிக்கும் என்று மரம் வெட்டுவோர் எங்ஙனம் அறிவர்?

பெர்மிட் கிடைக்காதவர்களும், இனிப் புதுப்பிக்கப்படாது என்று அஞ்சியவர்களும் கப்பலேறினர். அவ்வாறு இந்தியா சென்றவர் ஏறக்குறைய 60,000 பேர் என வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். பின்னாளில் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் பினாங்கிலும் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினர். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். இந்தியாவைத் தாய் தந்தையர் பேச்சில் மட்டுமே கண்டவர்கள்.

அவர்கள் ஏன் குடியுரிமை பெறாதிருந்தனர் என்று வினவுவோர் உளர். அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமன்று. மெர்டேக்காவிற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் மனுச் செய்தே குடியுரிமை பெறவேண்டியிருந்தது. இங்கே பிறந்தவராயின் ஏழாண்டில் ஐந்தாண்டும், வெளியே பிறந்தவராயின் பன்னிரண்டாண்டில் எட்டாண்டும் இங்கு வசித்ததைக் காட்டவேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? மனுச் செய்யப் போகும் நாளில் சம்பளமும் இல்லை. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரையில், சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தகப்பன்மார் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பத்திரங்களும் திரும்பவில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார் மனுக்களை எழுதிக் கொடுத்து உதவியதுண்டு. ஆயினும், எழுதப்படும் மனுவுக்கு ஆதாரம் வேண்டுமன்றோ!

இனி, பத்திரங்களுக்கு வருவோம்.

முதலாவது பிறப்புப் பத்திரம். மற்றவை யாவும் இதன் மேல் கட்டப்படுவன. இதில் கவனிக்கத் தக்கது பிறந்த தேதி. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் முதல் 1962 செப்டம்பர் இறுதி வரையில் இந்நாட்டில் பிறந்த குழந்தை, சட்டப்படியே குடிமகனாகும். பெற்றோர் இருவரும் சிவப்புக் கார்டினராயினும் இது பொருந்தும். 1962 அக்டோபர் முதல் நிலைமை மாறிற்று. இம்மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரின் தகுதியும் பார்க்கப்படும் என்று விதி வந்தது. ஆகவே ஒரே லயத்தில், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் இந்நாட்டுக் குடிமகன், தம்பியோ பெற்றோரின் தகுதிக்கு ஆதாரம் தேடவேண்டியவன் என்னும் நிலை உண்டாயிற்று. 1969இல் தாய் தந்தையரோடு கப்பலேறிய குழந்தைகளுள் இக்காலக் கணக்கிற்கு உட்பட்டவர்கள் சட்டப்படி இந்நாட்டவரே. ஒரு காகிதம் உடன் சென்றதா இல்லையா என்பதைப் பொறுத்தே, பின்னாளில் அவர்கள் அதனை எடுத்துச் சொல்ல இயலும்.

தோட்டப்புறங்களில் பிறப்பைப் பதிவதில் நேர்ந்த குளறுபடிகள் பல. தாய் 'ஆறுமுகம்' என்பாள். எழுதுகிறவர் 'ஆர்மூகம்' என்று எழுதுவார். அடையாளக் கார்டில் அது 'அருமுகம்' ஆகும். சேமநிதிப் புத்தகத்தில் தகப்பன் பெயரே மகன் பெயராக நிற்கும். பிறந்த நாளைக் கேட்டால் "பெருவெள்ளம் வந்த வருஷம்" என்பர். எந்த வெள்ளம், 1926ஆம் ஆண்டினதா, 1971ஆம் ஆண்டினதா என்று கேட்க அங்கே எவரும் இல்லை. பேசும்பொழுது சிரிப்பிற்கிடமான இவ்வேற்றுமைகள், இலாகாவின் மேசையில் மூன்று வேறு மனிதர்களாகி விடுகின்றன. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி வைத்தல் வேண்டும். அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும் காலத்திலேயே இதனைச் செய்வது நலம்.

இன்று தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதிதல் வேண்டும். அதற்குப் பிந்தினால் 'பிந்திய பதிவு' ஆகும். விசாரணையும் ஆதாரமும் மிகுதியாகக் கேட்கப்படும். மருத்துவமனைக் கடிதம், தாயின் கர்ப்பகாலச் சிகிச்சைப் புத்தகம், குழந்தையின் தடுப்பூசி அட்டை, பள்ளி சேர்க்கைப் பதிவு ஆகியன அப்பொழுது உதவும். 2011ஆம் ஆண்டில் இந்திய சமூகத்தாருக்கெனவே 'மைடாஃப்தார்' என்னும் பதிவு இயக்கம் நடத்தப்பெற்றது. மெர்டேக்கா பெற்று 50 ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தகைய இயக்கம் தேவைப்பட்டது என்பதே குறையின் அளவைக் காட்டும்.

இரண்டாவது திருமணப் பத்திரம். இதனைக் குடியுரிமையோடு சேர்த்து எண்ணுவார் மிகச் சிலர். 1982 மார்ச் 1ஆம் நாள் முதல், கோயிலில் தாலி கட்டினாலும் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பதியாவிடில், சட்டத்தின் பார்வையில் குழந்தை தகப்பனைச் சாராது. குடியுரிமை விஷயத்தில் தாயின் தகுதியையே பெறும். தகப்பன் நீலக் கார்டினர், தாய் கார்டே இல்லாதவர் என்றால், பதியாத அத்திருமணத்தின் சுமை முழுவதும் குழந்தையின் தலையில் இறங்குகிறது. பிள்ளை பிறந்த பின்னர்ப் பதியலாம் என்று தள்ளிப்போடுவதை நாம் ஒருபொழுதும் ஆதரிக்க மாட்டோம். 1982க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்கள் செல்லும். ஆயினும் அவை நடந்ததற்கு அழைப்பிதழ், நிழற்படம், கோயில் ரசீது ஏதேனும் இருத்தல் நன்று.

மூன்றாவதாக, வந்ததையும் வாழ்ந்ததையும் காட்டும் சிறு காகிதங்கள்: பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட்டின் துண்டு, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா அட்டை, தமிழ்ப்பள்ளித் தேர்ச்சிப் புத்தகம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்பொழுது குப்பையென எரிக்கப்படுவன பெரும்பாலும் இவையே. தோட்டம் விற்கப்படுகிறது என்ற செய்தி காதில் விழுந்தவுடன், நிர்வாகத்தினரிடம் வேலைக் காலத்தைக் குறித்துக் கையெழுத்தும் முத்திரையுமிட்ட கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதம் ஆபீஸ் திறந்திருக்கும் என்று நம்பவேண்டாம்.

செல்வோர்க்குப் பணமும் ஒரு பத்திரமே. 1951ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியில், குடியுரிமை இல்லாதோர் நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்லுங்கால் தம் சேமிப்பை முழுவதும் மீட்டுக்கொள்ள விதியுண்டு. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கும் முதலாளியும் தொழிலாளியும் தலைக்கு நூற்றுக்கு 2 வீதம் செலுத்துதல் கட்டாயமாயிற்று. வீட்டுப் பணியாளர்க்கு மட்டும் இது பொருந்தாது. சேமநிதிக் கணக்கின் பெயரும் பாஸ்போர்ட்டின் பெயரும் ஒவ்வாவிடில் பணம் தாமதமாகும். ஆதலின் இங்கே இருக்கும்பொழுதே திருத்திக்கொள்க.

போய் இறங்கும் நாட்டிலும் பத்திரம் வேண்டும் என்பதற்கு இலங்கைத் தோட்டத் தமிழர் வரலாறே சான்று. அங்கே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்தாரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் குடும்ப அட்டை ஒன்று வழங்கப்பெற்றது. மறுவாழ்வு உதவிகளுக்கு அதுவே திறவுகோல். அட்டையைத் தொலைத்தவரும், அதில் பெயர் ஏறாத பிள்ளையும் எத்தகைய இடருக்கு உள்ளாவர் என்று சொல்லவேண்டுவதில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் சகோதரர்களுக்கும் சில சொற்கள். பாஸ்போர்ட் உங்களுடையது, பிறர் அதனைப் பிடித்து வைத்தல் 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமாகும். அதன் எண், வழங்கிய இடம், தேதி ஆகியவற்றை ஊரிலுள்ள குடும்பத்தாரிடமும் எழுதி அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தோர்க்கு இந்தியத் தூதரகம் ஒருவழிப் பயணத்துக்குரிய அவசரச் சான்றிதழ் வழங்குவதுண்டு. அதற்கும் இந்தியர் என்று காட்ட ஏதேனும் ஆதாரம் வேண்டும். குடிநுழைவு இலாகா 2019 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையில் நடத்திய 'பேக் ஃபார் குட்' திட்டத்தில், 700 வெள்ளி செலுத்தித் தாயகம் திரும்ப இடமளிக்கப்பட்டது. ஆயினும் பயணப் பத்திரமும், ஏழு நாளுக்குள் புறப்படும் டிக்கெட்டும் கையில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அத்தகைய கால எல்லைக்குள் புதிதாகப் பத்திரம் தேடத் தொடங்குவோர் தரகர் கையில் சிக்குவர்.

இங்கே உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் மலேசியப் பிறப்புப் பத்திரம் மட்டும் போதாது. 2004 டிசம்பருக்குப் பின் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும் என்பது இந்தியச் சட்டம்.

பத்திரங்களை எவ்வாறு வைப்பது? டிரங்குப் பெட்டியோ பழைய ரொட்டி டின்னோ, எதுவாயினும் கரையானும் கூரை ஒழுக்கும் அணுகாத பிளாஸ்டிக் உறையில் இடுக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில், திருமணமாகிச் சென்ற மகளிடமோ உடன்பிறந்தாரிடமோ வைக்கலாம். கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவதும் நன்றே. ஆயினும் மூலத்திற்கு அது ஈடாகாது. மூலப் பத்திரத்தை எந்த இலாகாவிலேனும் ஒப்படைக்க நேர்ந்தால், ரசீது பெறாமல் முகப்பை விட்டு அகலாதீர்கள். அந்த ரசீதையும் அதே பெட்டியில் வையுங்கள்.