எழுத்து மங்கலா? கண்ணாடியை மாற்றும் முன் கம்ப்யூட்டரைக் கவனிங்க!

'கமலக்கண்ணன்' என்ற பெயரில் மூன்று புள்ளிகள். வண்டலூர் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பினால், "பேரைச் சரிபார்த்துக்கோங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். எழுத்து மங்கலாக இருந்தால், புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒன்று விடுபட்டாலும் சான்றிதழைத் திருத்த மறுபடி அலைய வேண்டும்.

'நமக்குத்தான் பார்வை மங்கிடுச்சோ' என்று பயப்பட வேண்டாம். எழுத்தை அழகாக்க கம்ப்யூட்டர் செய்யும் வேலையே காரணமாக இருக்கலாம்.

திரை என்பது குட்டிக் குட்டிச் சதுரங்களால் ஆனது. அதில் வளைந்த எழுத்தை அப்படியே போட்டால் ஓரம் படிக்கட்டுபோலத் தெரியும். அதை மறைக்க ஓரத்தில் சாயம் பூசுவதுதான் 'ஃபான்ட் ஸ்மூத்திங்'. மைக்ரோசாஃப்ட் 1998-ல் அறிவித்த 'கிளியர்டைப்', ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியாக ஒளிர வைக்கிறது. எல்சிடி திரைக்கு இது பொருந்தும். பழைய குண்டு மானிட்டரிலோ, செங்குத்தாகத் திருப்பிய திரையிலோ எழுத்து மங்கும். ஓரத்தில் நிறம் கசியும்.

2006-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, விண்டோஸில் இதை அணைத்து வைத்திருந்தாலும் தானாகவே போட்டுக்கொண்டது. அதை நிறுத்த, பிரவுசர் செட்டிங்ஸில் தனியாக ஒரு 'டிக்'கை எடுக்க வேண்டியிருந்தது.

இன்றைய விண்டோஸ் 10, 11-ல் என்ன செய்யலாம்?

* பிரவுசரில் கன்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்துங்கள். ஜூம் 100 சதவிகிதத்துக்கு வந்துவிடும்.

* டிஸ்ப்ளே செட்டிங்ஸில், ரெசல்யூஷன் 'ரெக்கமண்டட்' என்று உள்ள அளவில் இருக்கட்டும். மங்கலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

* ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தேடி, 'அட்ஜஸ்ட் கிளியர்டைப் டெக்ஸ்ட்' பகுதியைத் திறங்கள். அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள். நிறக் கசிவு பிடிக்கவில்லையா? அங்கேயே 'டிக்'கை எடுத்துவிடலாம்.

* பிரவுசரை மூடித் திறங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, 'கண்ணன்' என்று சின்ன எழுத்தில் தட்டுங்கள். ணகரத்தின் சுழியும், இரண்டு புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு கம்ப்யூட்டரில்தான். அச்சிட்ட காகிதத்திலும் எழுத்து மங்கினால், கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.