"நேற்று நடந்தாளே!"

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. மத்தியானம் அதே பெண் முற்றத்தில் மெல்ல நடக்கிறாள். மறுநாள் மறுபடியும் படுக்கை!

"நேற்று நடந்தாளே! பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்கிறாளோ?" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்.

நடிப்பு அல்ல. சிறுவர்களுக்கு வரும் மூட்டு வாதத்தின் குணமே அதுதான்.

மூட்டு வாதம் கிழவர்களுக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 16 வயதுக்கு முன்பும் வரும். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டைத் தாக்குகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகிப் போகும். நடமாடினால் கொஞ்சம் இளகும். சில மாதம் நோய் அடங்கிக் கிடக்கும். பிறகு திடீரென்று கிளம்பும்.

பாட்டியின் பயம்

இந்தப் பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்கலாம் என்றால் வீட்டில் அழுகை! "அதில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாள்" என்பாள் பாட்டி.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை. ஓயாமல் உட்கார்ந்தால் மூட்டு இறுகும், தசை மெலியும். நல்ல நாளில் நடக்கத்தான் வேண்டும். ஆனால் கெட்ட நாளில்? அன்று நாற்காலி இல்லையென்றால் வகுப்பு இல்லை, தோழிகள் இல்லை, தேர்த் திருவிழாவும் இல்லை. படிக்கும்போது மூக்குக் கண்ணாடி மாட்டுகிறோம்; தூங்கும்போது கழற்றுகிறோம். அதை யாராவது நடிப்பு என்கிறார்களா?

நல்ல நாளில் சோதனை வந்தால்?

அரசு உதவிக்குச் சான்றிதழ் வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மூட்டு வாதத்துக்குத் தனிப் பெயர் அதில் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில்தான் பார்ப்பார்கள். 40 சதவிகிதம் என்பது முக்கியமான எல்லை.

டாக்டரிடம் போகும் நாள் நல்ல நாளாக அமைந்துவிட்டால் என்ன செய்வது? வீங்கிய நாட்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். நோய் மாறக்கூடியது என்றால், குறிப்பிட்ட காலம் வரை செல்லும் சான்றிதழும் உண்டு. பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

மடக்கும் நாற்காலி

ஹெர்பர்ட் எவரெஸ்ட் ஓர் அமெரிக்கச் சுரங்க எஞ்சினீயர். 1918-இல் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. அந்தக் காலத்து நாற்காலி காருக்குள் நுழையாது! நண்பர் ஹாரி ஜென்னிங்சுடன் சேர்ந்து 1933-இல் மடக்கும் நாற்காலி செய்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் காணும் இரும்புக் குழாய் நாற்காலி அதன் வம்சம்தான்.

ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலி பிள்ளைக்குப் பொருந்தாது. சட்டைக்கு எடுப்பது போல இதற்கும் அளவு எடுக்க வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. மணிக்கட்டிலும் வாதம் இருந்தால் தானே உருட்ட முடியாது. தள்ள ஆள் வேண்டும், அல்லது பாட்டரி வேண்டும். மணல் பாதையில் முன்சக்கரம் புதையும். அப்போது சற்றே பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் உருட்டுங்கள்.

ஊர் சிரிக்குமே என்கிறீர்களா? புதுக்கோட்டைத் தாய்மார்களுக்கு அது புதிதல்ல. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அப்போதும் கேலி பேசினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்க அது வசதியாகவும் இருந்ததாம்!