கேளம்பாக்கம் தண்ணிக்கு எத்தனை நிமிஷம்?

வாஷிங் மெஷினில் பதினைந்து புரோகிராம் எழுதியிருக்கும். வீட்டில் ஓடுவது ஒன்றே ஒன்று. வாங்கிய அன்று டெமோ காட்ட வந்தவர் எதில் வைத்துவிட்டுப் போனாரோ, வருஷக்கணக்காக அதிலேயே ஓடும். பெரும்பாலும் அது காட்டன், 40 அல்லது 60 டிகிரி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஓ.எம்.ஆரில், கேளம்பாக்கம் பக்கம், போர் தண்ணியையும் லாரி தண்ணியையும் நம்பி ஓடும் அபார்ட்மென்ட்டுக்கு இது தேவையா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1959-ல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஒரு வட்டம் வரைந்தார். அழுக்கு போக நாலு விஷயம் வேணும்: ரசாயனம், விசை, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டித்தான் ஆகணும். நம்ம ஊர் வெள்ளாவியிலும் இந்த நாலும் உண்டு. உவர்மண் ரசாயனம், கல்லில் அடிப்பது விசை, ஆவி சூடு, ராத்திரி முழுக்க வைத்திருப்பது நேரம்.

ஐரோப்பாவில் 2021 முதல் எல்லா மெஷினிலும் 'ஈகோ 40-60' என்ற புரோகிராம் கட்டாயம். அது மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும். கரண்டை மிச்சம் பிடிக்க சூட்டைக் குறைத்து, நேரத்தை நீட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே குழாயில் வருவது 10 டிகிரி தண்ணீர். நமக்கோ மொட்டைமாடி டேங்க் தண்ணீர் வருஷத்தில் பாதிக்கு மேல் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மே மாச மதியத்தில் கை வைத்தாலே சுடும். அவர்கள் கரண்ட் செலவழித்து அடையும் '30 டிகிரி வாஷ்' நமக்குக் குழாயைத் திறந்தாலே கிடைக்கிறது. வட்டத்தில் சூட்டின் பங்கை வெயிலே பாதி நிரப்பிவிடுகிறது. அப்புறம் எதற்கு மூன்று மணி நேரம்?

ஃப்ரண்ட் லோடில் சோப்புத் தண்ணீர் சுமார் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 10 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற அரை யூனிட் கரண்ட் வேணும். 30-லிருந்து 40-க்கு ஏற்ற 0.17 யூனிட் போதும். 30-லிருந்து 60-க்குப் போனால் மறுபடியும் அரை யூனிட். பணமாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. நமக்குப் பிரச்சினை கரண்ட் பில்லைவிட தண்ணியில்தான்.

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கோவளம் கழிமுகம், பக்கத்திலேயே உப்பளம். போர் தண்ணி பல இடங்களில் உப்பு, கூடவே கடினம். இரண்டும் வேறு வேறு. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் மொத்த உப்பை. துணிக்கு வில்லன் அதில் ஒரு பகுதியான கால்சியமும் மக்னீசியமும்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கணும்; வேறு வழியில்லை என்றால் 600 வரை. இந்தத் தண்ணியைச் சூடாக்கினால் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாக மாறி ஹீட்டர் மேல் படியும். துணியிலும் ஒட்டும். துண்டு அட்டை மாதிரி விறைப்பதற்கு இது ஒரு காரணம். ஆக, தினமும் 60 டிகிரியில் போடுவது மெஷினுக்கே கெடுதல்.

இங்கேதான் சிக்கல். கடினத் தண்ணிக்கு பவுடர் கூட வேணும். பவுடர் கூடினால் அலசல் கூடணும். அலசல் கூடினால் லாரி தண்ணி கூடும். எதில் கஞ்சத்தனம் பண்ணுவது?

துவைக்கும் நேரத்தில் பண்ணலாம், அலசலில் வேண்டாம். 15 நிமிஷ குவிக் வாஷ் ஒன்றிரண்டு கிலோ துணிக்கானது. அலசலையும் சேர்த்தே குறைத்துவிடும். ஃப்ரண்ட் லோடில் ஒரு எக்ஸ்ட்ரா ரின்ஸ் என்பது ஏறக்குறைய ஒரு பக்கெட் தண்ணி. அதைக் கொடுத்துவிடலாம். அரை லோடாக இரண்டு தடவை போடுவதை நிறுத்தினாலே அதைவிட அதிகமாக மிச்சமாகும். பாதி துணிக்கு மெஷின் பாதி தண்ணி எடுப்பதில்லை, அதற்கும் மேலேதான் எடுக்கும்.

ஆபீஸ் சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு உடுப்பு எல்லாம் வியர்வையும் தூசியும்தான். டெய்லி அல்லது மிக்ஸ் புரோகிராம், ஹீட்டர் ஆஃப், 45 முதல் 60 நிமிஷம், கூட ஒரு ரின்ஸ். என்சைம் உள்ள பவுடருக்கு நம்ம டேங்க் சூடே போதும். டிரம்மின் மேலே ஒரு கை நுழையும் அளவு இடம் விடுங்க. துணி புரண்டு விழுந்தால்தான் விசை.

படுக்கை விரிப்பு, துண்டு, உள்ளாடைக்கு மட்டும் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டன் 60. தூசிப் பூச்சி சாக 55 டிகிரிக்கு மேல் வேணும். அந்த வேலையை டேங்க் தண்ணி செய்யாது. மெஷினுக்குள் படியும் பிசுக்கும் இதில் கொஞ்சம் கழியும்.

ரத்தம், பால், முட்டைக் கறையைச் சூட்டில் போடாதீங்க, புரதம் இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணியில் ஊறட்டும். சாம்பார் கறை சோப்பு பட்டதும் சிவப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மஞ்சள் காரத்தில் அப்படித்தான் மாறும். எந்தப் புரோகிராமும் முழுசாக எடுக்காத அந்தக் கறையை வெயில் எடுத்துவிடும்.

ஸ்பின் மாசத்தைப் பொறுத்தது. 800-லிருந்து 1200 ஆர்.பி.எம். போனால் வேகம் ஒன்றரை மடங்கு, பிழியும் விசை இரண்டேகால் மடங்கு. சித்திரையில் 800 போதும், சுருக்கமும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் 1200 வையுங்க. மழைக்கால முடைநாற்றம் பெரும்பாலும் துணி மெதுவாகக் காய்வதால் வருவது.

டிஸ்ப்ளேயில் தெரியும் நிமிஷம் ஒரு மதிப்பீடுதான். குழாயில் பிரஷர் குறைவு, நுரை அதிகம், ஒரே ஒரு கனத்த போர்வை ஒரு பக்கமாக ஒதுங்குவது, இதில் எது நடந்தாலும் நேரம் நீளும். காலையில் கேப் வருவதற்குள் துணி உலர்த்த வேண்டியவர்கள் இந்த மூன்றையும் முதலில் பார்க்கணும்.

பவுடர் அளவு சரியா என்று தெரிய ஒரு சோதனை. துவைத்த துணியை பவுடர் இல்லாமல் ரின்ஸ் மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. கண்ணாடியில் நுரை தெரிந்தால், அடுத்த தடவை நிமிஷத்தைக் கூட்ட வேண்டாம், பவுடரைக் குறைங்க.