கம்பெனி சைலன்சரை வீட்டிலேயே ‘ஆல்டர்’ பண்றீங்களா? பிக்கப் கூடுமா, அபராதம் எவ்வளவு? முழு விவரம்

கையில் ஒரு டிரில் மெஷின், செல்போனில் ஒரு வீடியோ. இவ்வளவு இருந்தால் போதும் என்று பைக்கின் கம்பெனி சைலன்சரில் ஓட்டை போடுவதும், உள்ளே இருக்கும் குழாயை அறுத்து எடுப்பதும் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. ‘சத்தம் கெத்தா இருக்கும், பிக்கப்பும் கூடும்’ என்பதுதான் நம்பிக்கை. சத்தம் கூடும் என்பது உண்மை. பிக்கப்?

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

வெளியே பார்த்தால் வெறும் குழாய்தான். உள்ளே தடுப்புத் தகடுகளும், துளையிட்ட குழாய்களும், சின்னச் சின்ன அறைகளும் இருக்கும். இன்ஜினில் இருந்து வரும் ஒலி அலைகள் இவற்றில் மோதி மோதித்தான் அடங்குகின்றன.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 பெட்ரோல் பைக்குகளில், புகை வெளியேறும் பாதையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும். கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைக் குறைப்பது கன்வெர்ட்டர். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கிறதா என்று பார்த்துச் சொல்வது சென்சார். அறுக்கும்போது கன்வெர்ட்டர் போனால், வண்டி கக்கும் நச்சுப் புகை அதிகமாகும்.

பிக்கப் கூடுமா?

சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பலன் இல்லை. குழாயின் நீளம், அகலம் எல்லாம் அந்த இன்ஜினுக்கு ஏற்றபடி கணக்கிட்டு வைக்கப்பட்டவை. அதைக் கலைத்தால், குறைந்த வேகத்தில் இழுவை குறையலாம். சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கணக்கு தப்பும். பெட்ரோல் அதிகமாகச் செலவாகும், மைலேஜ் அடிவாங்கும்.

ஆக்சிலரேட்டரை விடும்போது கேட்கும் ‘பட் பட்’ சத்தம் பவர் அல்ல. எரியாமல் வந்த பெட்ரோல், சூடான குழாய்க்குள் எரிகிற சத்தம் அது!

சத்தத்துக்கு அளவு உண்டா?

உண்டு. கம்பெனியில் சோதிக்கும்போது 80 சிசி வரையுள்ள டூவீலர்களுக்கு 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80 டெசிபல்தான் வரம்பு. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். தெருவில் தூங்கும் கைக்குழந்தைக்கும், நோயாளிக்கும் அது தொல்லை. தினமும் ஓட்டுபவரின் காதுக்கும் ஆபத்து.

பிடிபட்டால் என்ன ஆகும்?

* மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.
* பிரிவு 190(2): ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் செல்லாது.

அப்போ வீட்டில் என்னதான் செய்யலாம்?

துருவைத் தேய்த்து எடுத்து, சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். இன்ஜினும் குழாயும் சேரும் இடத்தில் புகை கசிந்தால் கேஸ்கெட்டை மாற்றலாம். எதைச் செய்தாலும் வண்டி நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அதே மாடலுக்கான கம்பெனி சைலன்சரை வாங்கி மாட்டுவதே சரி.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா? கழற்றிய பழைய சைலன்சர் பரணில் கிடந்தால், இன்றே எடுத்து மாட்டிவிடுங்கள்.